ஒரே கம்பெனி செய்த மாத்திரை

ஆறு ஆண்டுகள் நான் ஒரே ஒரு மாத்திரையை விற்றுப் பிழைத்தேன். நாகர்கோவிலில் தொடங்கி மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் வரை எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. விற்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று, உள்ளே கிடைக்கும் மூன்று நிமிடத்தில் அந்த மாத்திரையின் பெயரை அவர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்ட பெண்களுக்கான மாத்திரை அது. இருபத்தொரு நாள் தினம் ஒன்று, பிறகு ஏழு நாள் இடைவெளி, பிறகு மறுபடியும் இருபத்தொரு நாள். நோய் அதை மீறி வளரும்வரை நிறுத்தக் கூடாது.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் மதிய நேரத்தில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கூடுவோம். வயிற்று எரிச்சல் மாத்திரை விற்பவர்களே அங்கே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒரே மருந்து, பெயர்தான் வேறு வேறு. ஒருவருடைய கம்பெனி விலையைக் கொஞ்சம் குறைத்தால் மற்றவர்களுக்கு அன்று சாயங்காலமே மேலாளரிடமிருந்து போன் வரும். என்னை அவர்கள் "முதலாளி" என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். எனக்குப் போட்டி கிடையாது. என் கம்பெனியிடம் காப்புரிமை இருந்தது. வேறு யாரும் அந்த மாத்திரையை இந்த நாட்டில் செய்யவோ விற்கவோ முடியாது. மற்றவர்கள் மழையில் பைக்கில் போகும்போது நான் காரில் போவது போன்ற ஒரு வசதியாகத்தான் அதை நினைத்திருந்தேன். அது யாருக்கு எதிரான வசதி என்று யோசித்ததில்லை.

விலை பற்றிப் பேச்சு வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்கு ஒரு முழு நாள் பயிற்சி உண்டு. தொகையை வாயால் சொல்லக் கூடாது. மாத்திரையால் ஆயுளில் கூடும் மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நான் நன்றாகத் தேறியிருந்தேன்.

என் அக்கா அருமனையில் இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அத்தான் வீட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் தானே பால் வெட்டுவார். நாள் முழுவதும் சேர்த்து இருபது வார்த்தை பேசினால் அதிகம். பிள்ளைகள் இல்லை. வேலையில் இருக்கும்போதே அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை செய்து எடுத்திருந்தார்கள். பிறகு பல வருடம் ஒன்றும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் முதுகு வலிக்கிறது என்றாள். தேங்காய்ச் சாக்கைத் தூக்கியதால் வந்தது என்று காரணமும் அவளே சொன்னாள். இரண்டு மாதம் தைலம் தேய்த்தும் வலி போகவில்லை. ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் மூன்று இடங்களில் நோய் இருந்தது.

திருவனந்தபுரத்தில் அவளைப் பார்த்த மருத்துவர், நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பவர். அன்றைக்குக் கம்பெனிப் பை இல்லாமல் அக்காவின் பின்னால் நுழைந்த என்னை அவர் முதலில் கவனிக்கவில்லை. சீட்டில் என் மாத்திரையின் பெயரை எழுதும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க ஆளா?"

"எனக்க அக்கா சார்."

"அப்ப விலை நான் சொல்லண்டல்லோ" என்றார். மலையாளத்தில், சொல்லத் தேவையில்லை அல்லவா என்று அர்த்தம். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குச் சங்கடமாக இருந்தது.

திரும்பி வரும்போது களியக்காவிளை வந்தது. சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது அக்கா கேட்டாள்.

"ஒரு பெட்டி எவ்வளவுலே?"

நான் சொன்னேன். அத்தனை வருட வேலையில் முதல்முறையாக அந்தத் தொகையை உரக்கச் சொன்னேன். அவளுடைய ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அது அதிகம்.

"எத்தனை மாசம் திங்கணும்?"

"நோய் மருந்துக்குக் கேக்குறது வரைக்கும் அக்கா. நிறுத்தக் கூடாது."

"அப்ப கேக்காம இருக்கதுதான் லாபம்" என்றாள். பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊழியர்களின் குடும்பத்துக்குக் கம்பெனி பாதி விலையில் மருந்து தரும். விண்ணப்பித்தேன். குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர். கல்யாணமான அக்கா குடும்பம் இல்லை என்று பதில் வந்தது. விதியைப் படித்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. அத்தான் பால் குறைந்துபோன ஒரு வரிசை மரங்களை வெட்டித் தடியாக விற்றார். என்னிடம் பணம் வாங்க அக்கா சம்மதிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி நான் வாங்கித் தரலாம் என்று மட்டும் பேசி முடித்தோம். அதற்கே அவளிடம் ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

மாதாமாதம் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவமனை வராந்தாவில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கருங்கல் என்ற ஊரில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். இருவருக்கும் ஒரே நோய், அதே கட்டம். அவளுக்கும் இதே மாத்திரையைத்தான் மருத்துவர் எழுதியிருந்தார். அவள் அதை ஒருநாளும் வாங்கவில்லை. பழைய ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வங்கதேசத்தில் இதே மாத்திரையை வேறு கம்பெனிகள் செய்கின்றன, கொல்கத்தா வழியாக வருகிறது, விலை கால்வாசிகூட இருக்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"அப்பிடி ஒண்ணு உண்டா லே?"

"உண்டு."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரிந்துகொள்வது என் வேலை என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மாதிரி மாத்திரை அட்டை எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை உண்டு. இங்கே உரிமம் இல்லாத இறக்குமதி, தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். அது பொய்யும் இல்லை.

"நீ யாரையாவது காட்டிக் குடுத்திருக்கியா?"

"ஒருத்தரை. கருங்கல்ல மருந்து மொத்தக் கடை வச்சிருக்க தேங்காப்பட்டணத்துக்காரரு. ரெண்டு வருசம் ஆச்சு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"சரக்கைப் பறிமுதல் செய்தாவ. கொஞ்ச நாள் கடையை மூடிப் போட்டாவ. பெறவு தொறந்துட்டாரு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவருகிட்ட அத வாங்கித் தின்னுட்டு இருந்த பொம்பிளையளுக்கு?"

அது எனக்குத் தெரியாது. எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. நான் ஒரு படம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அக்காவும் சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை.

வங்கதேச மாத்திரையை அவள் தேடி வாங்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும் ஒன்றை நம்பி ஆரம்பிக்க மாட்டேன் என்றாள். அடுத்த வாரம் போனபோது அவள் மேஜையில் ஒரு தடித்த கட்டு இருந்தது. அருமனை ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் காப்புரிமைச் சட்டம் முழுவதையும் அச்செடுத்து நூல் போட்டுக் கட்டி வாங்கியிருந்தாள். பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள்.

"ஏன் ஒரு கம்பெனி மட்டும் செய்யுதுன்னு உனக்கிட்ட கேட்டா நீ காப்புரிமை இருவது வருசம்னு மட்டும் சொன்ன. இங்க வேற ஒண்ணும் எழுதியிருக்கு. உனக்கு இது தெரியாதா?"

அவள் காட்டியது கட்டாய உரிமம் பற்றிய அத்தியாயம். பேர் கேள்விப்பட்டிருக்கிறேன், படித்ததில்லை. காப்புரிமை கொடுத்து மூன்று வருடம் கழிந்த பிறகு, அந்தப் பொருள் மக்களின் தேவைக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்றாலோ, எட்டக்கூடிய நியாயமான விலையில் இல்லை என்றாலோ, இந்த நாட்டில் அதைச் செய்யவே இல்லை என்றாலோ, காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் அதைச் செய்ய அரசாங்கம் உரிமம் கொடுக்கலாம். காப்புரிமைக்காரருக்கு ஒரு பங்கு போகும். சும்மா பிடுங்குவதில்லை.

"எட்டக்கூடிய நியாயமான விலை" என்று அக்கா அந்த வரியை விரலால் தொட்டுச் சொன்னாள். "யாருக்கு எட்டணும்னு எழுதல்ல பாத்தியா."

அதோடு அவள் நிற்கவில்லை. காப்புரிமை வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அரசுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஜெராக்ஸ் கடைப் பெண்ணைக் கொண்டு அதையும் எடுத்திருந்தாள். அதில் என் கம்பெனி தன் கையாலேயே எழுதியிருந்தது: இங்கே தயாரிக்கவில்லை, முழுவதும் இறக்குமதி. எத்தனை பெட்டி இறக்குமதி என்ற எண்ணும் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு என் மாதாந்திர விற்பனைக் கூட்டம் ஞாபகம் வந்தது. அங்கே அதை வளர்ச்சி என்று திரையில் காட்டிக் கைதட்டுவோம். அக்கா அதை நாட்டில் இந்த நோய் வந்த பெண்களோடு ஒப்பிட்டு, யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயாளி நேரடியாகப் போய் உரிமம் கேட்க முடியாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். கேட்கிறவருக்கு மருந்தைச் செய்யும் வசதி இருக்க வேண்டும். முதலில் காப்புரிமைக்காரரிடம் போய்க் கேட்டுப் பார்த்திருக்கவும் வேண்டும். நம் நாட்டில் அதுவரை ஒரே ஒரு மருந்துக்குத்தான் அப்படிக் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு மருந்துக் கம்பெனிதான் கேட்டு வாங்கியது. ஆகவே அக்கா ஐந்து இந்தியக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். நீங்கள் இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், நான் ஒரு நோயாளி, காரணங்களை இணைத்திருக்கிறேன் என்று பதிவுத் தபாலில் அனுப்பினாள். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். மரியாதையாகப் பேசினாராம். அவர் சொன்னதை அக்கா அன்றைக்கே என்னிடம் ஒப்பித்தாள். காப்புரிமை முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, வழக்கு அதைவிட நீளும், முடியும்வரை நாங்கள் காத்திருப்போம் அம்மா. அப்புறம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பியின் கம்பெனியுடைய வேறு இரண்டு மருந்துகளை நாங்கள்தான் விநியோகம் செய்கிறோம். நான் எந்தக் கம்பெனியில் இருக்கிறேன் என்பதை அக்கா கடிதத்தில் மறைக்கவில்லை.

"போட்டின்னா ரெண்டு பேரு ஓடுறதுன்னு நெனச்சேன் மக்கா" என்றாள். "இவனுவ கையைப் பிடிச்சிட்டு நடக்கானுவ."

மீதி இருந்தது, அவசரநிலை என்று அரசாங்கம் தானாகவே அறிவித்து உரிமம் கொடுக்கும் வழி. டெல்லிக்கு மனு அனுப்பினாள். பதில் வராததால் உயர் நீதிமன்றத்துக்குப் போவது என்று முடிவு செய்தாள். நாகர்கோவிலில் ஒரு பெண் வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். மணவாளக்குறிச்சிக்காரர். அவருடைய அப்பா மணல் ஆலையில் வேலை பார்த்தவர். மனுவின் நகலை அக்கா என்னிடம் காட்டினாள். எதிர்மனுதாரர்களில் மத்திய அரசு முதலாவது. என் கம்பெனி மூன்றாவது.

"உனக்க வேலைக்குக் கேடு வரும்னா இப்பவே சொல்லிரு" என்றாள்.

இங்கே நான் செய்ததை அப்படியே எழுத வேண்டும். எனக்கு அப்போது பகுதி மேலாளர் பதவிக்குப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தது. பெங்களூரில் நேர்காணல். முடிவு வர மூன்று மாதம் ஆகும். நான் சொன்னேன்: "மூணு மாசம் பொறு அக்கா. அதுக்கப்புறம் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். "செரி" என்றாள். மனுவை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து அலமாரியில் வைத்தாள்.

அப்படிக் காத்திருந்த மூன்றாவது மாதம் பரிசோதனைக்குப் போனோம். அந்த மாத்திரை ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். யாருக்கும் கொஞ்சமாவது குறையும். மருத்துவர் அக்காவின் ரத்த அறிக்கையை இரண்டு முறை பார்த்தார்.

"டீச்சரே, எண்ணிக்கை வளரே, ரொம்ப நல்லா இருக்கு. கூடுதலா நல்லா இருக்கு. மருந்து தினமும் சாப்பிடுதீங்களா?"

அக்கா மழுப்பவில்லை. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுதேன் சார். ஒரு பெட்டி ரெண்டு மாசம் வரும்."

மருத்துவர் திட்டவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடம் நான்தான் பலமுறை படம் போட்டு விளக்கியிருந்தேன், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "தோட்டத்துல விக்கதுக்கு இனி மரம் இல்ல. அத்தானுக்கும் எனக்குப் பெறவு ஏதாவது வேணும்லா" என்றாள். அந்த வாரமே மனுவைத் தாக்கல் செய்யச் சொன்னேன். செய்தார்கள். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதற்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை, முடிவு முன்பே எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் காத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், மும்பையிலிருந்து கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் நாகர்கோவிலுக்கு வந்தார். ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. அக்காவின் உடல்நிலையைத்தான் முதலில் விசாரித்தார். எங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். சொல்லியிருந்தேன், குடும்பம் இல்லை என்று பதில் வந்தது என்றேன். அது வேறு துறை என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மனிதாபிமான அடிப்படையில், மருத்துவர் எழுதும்வரை அக்காவுக்கு மாத்திரை இலவசம். வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அக்கா அந்தக் காகிதத்தை வழக்கறிஞரிடம் காட்டினாள். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "டீச்சர், இதுல கையெழுத்துப் போட்டா உங்களுக்கு மருந்து கிடைக்கும். ஆனா, மனுதாரருக்கு இப்ப என்ன குறைன்னு கோர்ட்ல கேப்பாங்க. நம்ம கேஸ் அதோட தணிஞ்சிரும். போடணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன்."

இரண்டு நாள் அக்கா அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கருங்கல்லுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். தையல்காரப் பெண்ணின் வீட்டில் எங்கும் துணிக் குவியல். அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அக்கா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு மட்டும் தருவாங்களாம். உனக்கு இல்ல. நான் வாங்கட்டா வேண்டாமா, நீ சொல்லு."

அந்தப் பெண் சிரித்தாள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீய? வாங்குங்க டீச்சர். நீங்க வாங்காம இருந்தா எனக்கு என்ன தரவா போறாங்க?"

"கேஸ் போயிரும்."

"போனா போட்டு. ஒரு ஆளாவது திங்கட்டும்."

திரும்பும் வழியில் அக்கா அழுதாள். நோய் என்று தெரிந்த நாளில்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. "எனக்குச் சாவப் பிடிக்கல்ல மக்கா" என்றாள். "அதுதான் காரணம். வேற நல்ல காரணம் ஒண்ணும் இல்ல." அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கறிஞர் சொன்னபடியேதான் நடந்தது. மனுதாரருக்கு மருந்து கிடைத்துவிட்டதைப் பதிவு செய்துகொண்டு, அவர் டெல்லிக்கு அனுப்பிய மனுவைப் பரிசீலிக்கும்படி அரசைக் கேட்டுக்கொண்டு வழக்கு முடித்துவைக்கப்பட்டது. சில மாதம் கழித்து டெல்லியிலிருந்து ஒரு பக்கப் பதில் வந்தது. அவசரநிலை எதுவும் எழவில்லை, காப்புரிமைக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது, ஆகவே தலையிடத் தேவையில்லை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு அந்தச் சட்டக் கட்டுக்குள் செருகினாள்.

கருங்கல் பெண் காப்புரிமைக் காலம் முடிவதற்கு ஐந்து மாதம் முன்பு இறந்தாள். மாத்திரை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது. இன்னும் சில மாதம், சிலருக்கு இன்னும் சில வருடம், அவ்வளவுதான் அந்த மாத்திரை தருவது. அந்தச் சில மாதத்தைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். அடக்கத்துக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். இறந்தவளின் புருஷன் என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த மாத்திரைக் கம்பெனி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்து வந்தவர்களின் கையைப் பிடிக்கப் போனார்.

காப்புரிமை முடிந்த வாரம் நான் கருங்கல்லில் இருந்தேன். நான் காட்டிக்கொடுத்த அந்த மொத்தக் கடைக்காரரின் மேஜையில் ஆறு கம்பெனிகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஆறும் அதே மாத்திரை. மாதக்கணக்கில் முன்கூட்டியே தயாராகி தொழிற்சாலைகளில் காத்திருந்த சரக்கு. காலையில் ஒரு விலை, மதியத்துக்குள் இன்னொருவர் அதைவிடக் குறைத்தார். வாரக் கடைசியில் பழைய விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. என் கம்பெனியும் குறைத்தது. நோயாளிகளின் நலன் கருதி என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். நேற்றுவரை அதே நோயாளிகள்தான் இருந்தார்கள்.

கடைக்காரர் எனக்கு டீ வரவழைத்தார். படம் எடுத்து அனுப்பியது நான்தான் என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். "அண்ணே, அண்ணைக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"அத விடும். உமக்க சரக்கு எத்தனை பெட்டி போடணும்? இந்த விலையில உமக்கு இனி ஓடாது கேட்டேரா" என்றார். வியாபாரம்தான் பேசினார். அவர் மன்னித்தாரா, பொருட்படுத்தவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

திருவனந்தபுரத்து மருத்துவரின் அறைக்கு வெளியே இப்போது ஏழு பேர் நின்றோம். மற்ற ஆறு பேரும் இளைஞர்கள், என்னைவிட வேகமாகப் பேசினார்கள். விலையை முதல் வாக்கியத்திலேயே சொன்னார்கள். எனக்கு அப்படிப் பேச வரவில்லை. நான்கு மாதத்தில் எங்கள் பிரிவை இன்னொன்றோடு சேர்த்தார்கள். அசாமுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். வேலையை விட்டேன். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, அந்த ஆறில் ஒரு கம்பெனியிலேயே சேர்ந்தேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு. அதே மாத்திரையை, அதே வராந்தாவில், வேறு பெயரில் விற்கிறேன். கொள்கைக்காகச் சேர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வராந்தாவில் வந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். முன்பு சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்துக் கவுன்ட்டரில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடும் பெண்கள் நிறைய. இப்போது அவர்களில் பலர் கையில் பெட்டியோடு போகிறார்கள். எல்லாரும் இல்லை. குறைந்த விலையும் சிலருக்கு எட்டாத விலைதான்.

அக்காவுக்கு அந்த மாத்திரை மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்தது. இலவசப் பெட்டிகளைக் காப்புரிமை முடிந்ததுமே நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பிறகு வெளியில் விலை கொடுத்துத்தான் வாங்கினாள். போன கோடையில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. இப்போது வாரம் ஒருமுறை ஊசி. முடி கொட்டிவிட்டது. தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போகிறாள்.

ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆனபோது ஒரு நாள் நான் கேட்டேன். இரண்டு வருடத்துக்கும் மேலாகக் கேட்க நினைத்தது.

"அக்கா, அந்த மூணு மாசம் நான் பொறுக்கச் சொன்னேன்லா. நீ அப்ப மருந்த ஒழுங்கா தின்னிருந்தா இது இன்னும் தள்ளிப் போயிருக்குமா?"

ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"தெரியாது மக்கா. அதுக்குக் கணக்கு கெடையாது. ஒரே ஆளு ரெண்டு வழியில போய்ப் பாக்க ஒக்குமா?" என்றாள். "நீ கேட்ட. நான் செரின்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தின்னது நான். உனக்கிட்ட சொல்லாம இருந்ததும் நான்தான். முழுசையும் நீ எடுத்துட்டுப் போகாத."

அத்தான் ரப்பர் ஷீட்டுகளை வெயிலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "சோறு எடுக்கட்டா?" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். வாளை மீன் குழம்பு. அக்காவுக்கு ஊசி போட்டதிலிருந்து ருசி தெரிவதில்லை, ஆனாலும் உப்பு கூடிப்போச்சு என்று அத்தானைக் குறை சொன்னாள். உண்மையில் கூடத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் லீவு போட்டு அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஊசி ஏறும் நேரத்தில் பக்கத்துப் படுக்கைப் பெண்கள் அவளிடம் சீட்டைக் காட்டி ஏதாவது கேட்பார்கள். இதை எத்தனை கம்பெனி செய்கிறது, எதற்கு விலை குறைவு, எதற்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது என்று அவள் வரிசையாகச் சொல்வாள். எனக்குத் தெரியாத மருந்துகள்கூட அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று மணி வாக்கில் ஊசி முடியும்.